மிதந்து போன நாலு பாத்தி

ரங்கூன்
1984 ஜூலை 9

என்னை வளர்த்த அக்கா ஓன் தின்னுக்கு,

நியோ மவுங் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரர் பா சீன் மாமா இன்னும் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தைதான் பேசுகிறாரா?

மர ஆலை வேலையில் குறை ஒன்றும் இல்லை, தரை ஆடாததைத் தவிர. இரண்டு வருடமாகியும் ஆடாத தரையில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நம் இன்லே ஏரி நினைவாகவே இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நெசவுக்கார ஊர் மிய தி அம்மாளின் மகள் கின் லேயை உனக்குத் தெரியும். ஐந்து நாளுக்கு ஒருமுறை கூடும் சந்தைக்கு நான் எதற்காக ஓடி ஓடிப் போனேன் என்பதும் உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இத்தனை நாள் கேலி மட்டும் செய்தாய். நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம். அவள் அம்மாவிடம் நீதான் போய்க் கேட்க வேண்டும். ஏரியில் உன் பொறுப்பில் விட்டு வந்த நாலு மிதக்கும் பாத்தியைத் தவிர எனக்கு வேறு சொத்து இல்லை. அதைச் சொல். இந்த வருடம் நாற்று நட்டாயா? விளக்குத் திருவிழா முடிந்ததும் ஊருக்கு வந்துவிடுகிறேன். பதிலை எதிர்பார்த்திருக்கும்,

உன் தம்பி
நியோ மவுங்


கேலா
1984 ஜூலை 27

சந்தைக்குப் போய் வெறுங்கூடையோடு திரும்பி வந்த மாப்பிள்ளைக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. நான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று மழைக்காலம் படித்ததோடு சரி, ஆகையால் எழுத்து கோணலாக இருந்தால் படகு ஆடியது என்று வைத்துக்கொள்.

உன் நாலு பாத்தியும் மூங்கில் கழிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மிதந்துகொண்டிருக்கின்றன. புதுப் பாசியும் சேறும் அள்ளிப் போட்டு, நாலிலும் தக்காளிதான் நட்டிருக்கிறேன். வேறு ஒரு செடி கிடையாது. கலந்து நட்டால் எனக்குக் கண் கூசும். இப்போதுதான் பூ எடுக்கிறது.

மிய தி அம்மாளைப் பார்த்தேன். ஊறவைத்த தேயிலை, வேர்க்கடலை எல்லாம் வைத்து நன்றாகத்தான் உபசரித்தாள். பிறகு கேட்டாள்.

"உன் தம்பிக்குக் கால் ஊன நிலம் இருக்கா?"

"நாலு பாத்தி இருக்கு."

"தக்காளியோடவா, வெறும் கோரையோடவா?"

"தக்காளியோடதான்."

"சரி. விளக்குத் திருவிழா அன்னிக்கு நானே படகுல வந்து பார்க்கறேன். கண்ணால பார்த்த பிறகுதான் கல்யாணப் பேச்சு. தண்ணியில மிதக்கிறதைப் பத்தி யார் வாயால சொன்னாலும் நான் நம்பறதில்லை."

கின் லே தறியில் உட்கார்ந்து தலை நிமிராமல் நெய்துகொண்டிருந்தாள். நான் கிளம்பும்வரை ஒரே இடத்தில்தான் தறி நாடா போய்ப் போய் வந்தது. துணி ஒரு விரல் அளவுகூட வளரவில்லை.

பக்கத்து வீட்டு போ சான் அண்ணனுக்கும் சொல்லிவிட்டேன். அவர் காலால் துடுப்பு வலிக்கும்போது பாடுகிற பாட்டில் மீன்கள் வேறு ஊருக்குக் குடிபோகின்றன. ஒரு பச்சை மிளகாய் கேட்டால் காம்பைத் திருப்பிக் கேட்கிற ஆள், உன் கல்யாணத்துக்குப் பாட வருகிறாராம். ஜாக்கிரதை.

அக்கா
ஓன் தின்


கேலா
1984 ஆகஸ்ட் 17

தம்பிக்கு,

சுகம்தானே? எங்களுக்கும் சுகம்தான். சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் எழுதுகிறேன்.

போன வாரம் நடுப்பகலில் கொஞ்சம் காற்று அடித்தது. கூரையில் நாலு ஓலை போயிற்று. போ சான் அண்ணனின் தொப்பி பறந்து போய், கோயில் படித்துறையில் ஒரு வாத்தின் மேல் உட்கார்ந்தது. வாத்துக்குத்தான் அது பொருத்தமாக இருந்தது என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

நானும் மாமாவும் ஐந்து நாளாகப் படகில் ஏரியைச் சுற்றிப் பார்த்தோம். ஏரியிலேயே பிறந்தவள் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போனாளா என்று சிரிக்காதே. வடக்குப் பக்கம் போய் எவ்வளவு வருடமாயிற்று! அங்கே நாணல் நன்றாக வளர்ந்திருக்கிறது. கொக்குகள் நிறைய. மாமா சுகம். ஆனால் மூன்று வார்த்தை இரண்டாகிவிட்டது.

வேறென்ன? இந்த வருடம் சந்தையில் தோஃபு ரொம்பப் புளிக்கிறது.

அக்கா


ரங்கூன்
1984 ஆகஸ்ட் 30

அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகம். உன் கடிதம் வந்தது. போ சான் அண்ணனின் தொப்பியைப் பற்றி எழுதினாய். வாத்தைப் பற்றி, கொக்கைப் பற்றி, நாணலைப் பற்றி, தோஃபுவைப் பற்றி எழுதினாய். நாலு பாத்தியைப் பற்றி ஒரு வரி இல்லை.

அடித்தது கொஞ்சக் காற்றுதானா? பூ காயாயிற்றா? பாத்திகள் எப்படி இருக்கின்றன? இதற்கு மட்டும் பதில் எழுது. தோஃபு எப்படிப் போனால் எனக்கென்ன?

நியோ மவுங்


கேலா
1984 செப்டம்பர் 8

கோபக்காரத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். கோபத்தில் சாப்பிட்டால் செரிக்காது.

நாலு பாத்தியும் இருக்கின்றன. வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. இதை எழுதும்போதுகூட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தக்காளி காய்த்திருக்கிறது. அவரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்து அழகாக இருக்கிறது. போதுமா? இனிமேல் பாத்தியைப் பற்றிக் கேட்காதே. கல்யாணத்துக்கு என்ன சட்டை போடுவது என்று யோசி.

அக்கா


கேலா
1984 செப்டம்பர் 24

என் தம்பி நியோ மவுங்குக்கு,

சுகமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. இரண்டு வாரமாக உன்னிடமிருந்து எழுத்து இல்லை. ஏன் இல்லை என்று முந்தாநாள் தெரிந்தது. கின் லே தனியாகப் படகு வலித்துக்கொண்டு இங்கே வந்தாள். நீ அவளுக்கு எழுதிய கடிதத்தை என் மடியில் போட்டாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது. நிலமில்லாதவனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அவளுக்கு எழுதியிருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்! உன்னைச் சொல்லி என்ன, குற்றம் என்னுடையது. நடந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு அடித்தது கொஞ்சக் காற்று இல்லை. உன் பாத்திகள் நாலும் கழியைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டன. நானும் மாமாவும் ஐந்து நாள் சுற்றிப் பார்த்தது கொக்கை அல்ல. அப்போது கிடைக்கவில்லை. பிறகு ஒருநாள் வடகோடி நாணலில் நாலு பாத்தி வரிசையாக ஒதுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன். அதே நீளம், அதே தக்காளி. நான் சந்தோஷத்தில் கத்தினேன். மாமா, "நம்மது இல்லை" என்றார். அன்றைய இரண்டு வார்த்தையும் அதற்கே செலவாகிவிட்டது. அவரைக்கொடி இருந்ததை நானும் பார்த்தேன், தம்பி. நானே நட்டு மறந்திருப்பேன் என்று என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். நம் தண்ணீர்த் தெருவிலிருந்து ஆறு படகு வந்தது. போ சான் அண்ணன் பாடிக்கொண்டே வந்தார். இரண்டு நாள் இழுத்துக் கொண்டுவந்து வீட்டுக்குப் பின்னால் கழி அடித்தோம். அதைப் பார்த்துத்தான் உனக்குப் போன கடிதம் எழுதினேன்.

அடுத்த வாரம் மிய தி அம்மாள் வந்தாள். அதே காற்றில் அவளுடைய பாத்திகளும் போய்விட்டனவாம், ஒரு மாதமாகத் தேடியும் கிடைக்கவில்லையாம். தேடுவதற்கு நம் தெருப் படகுகள் உதவிக்கு வருமா என்று கேட்க வந்திருந்தாள். தேநீரைக் கையில் வாங்கினவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஓன் தின், அது யார் பாத்தி?"

"என் தம்பியோடது. நாலும்."

"உன் தம்பி தறி நெய்யறானா?"

"இல்லையே."

"அப்ப அவரைப் பந்தல்ல செவப்பு நூல் கட்டியிருக்கே, அது எங்கேருந்து வந்தது? என் தறியில மிஞ்சின நூல் எனக்குத் தெரியாதா?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று மாமா சொல்கிறார்.

"பொண்ணு கேட்டு வந்தே, சரின்னேன். நிலத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்துட்டியே! தறியை எப்ப தூக்கலாம்னு இருக்கே?"

நான் அவள் காலில் விழப் போனேன். அவள் நகர்ந்துகொண்டாள். "கொண்டுவந்தவங்களே கொண்டுபோய் விடுங்க. நான் முன்னாடி படகுல வழி காட்டறேன்" என்று சொல்லிவிட்டு மீதித் தேநீரையும் குடித்து முடித்துத்தான் எழுந்தாள்.

மறுபடி இரண்டு நாள் இழுவை. "போன தடவை பிஞ்சு. இந்தத் தடவை காய் பெருத்துப் போச்சு, வெயிட்டு தாங்கலை" என்று போ சான் அண்ணன் வழியெல்லாம் புலம்பினார். அந்த ஊர்ப் பெண்கள் படித்துறையில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. விட்டுவிட்டுத் திரும்பும்போது மிய தி அம்மாள் சொன்னாள்: "விளக்குத் திருவிழா அன்னிக்கு வரேன்னு சொன்னேன். வருவேன். அன்னிக்காவது சொந்தமா ஏதாவது வெச்சிரு."

வைப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டுக்குப் பின்னால் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது.

உன்னிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அல்லது மனம் உடைந்து வராமலே இருந்துவிடுவாய் என்று பயந்தேன். இரண்டையும் தடுக்கப் போய், நீ எழுதாமல் போனாய். உன் நிலத்தையும் காப்பாற்றவில்லை, உன்னிடம் உண்மையும் சொல்லவில்லை.

கின் லே என்ன சொன்னாள் தெரியுமா? நான் படித்து முடித்ததும் அந்தக் கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டாள். "இப்படி ஒண்ணு எனக்கு வந்து சேரவே இல்லேன்னு உங்க தம்பிக்கு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன். அடிப்பிடித்த சோற்றையும் அவளே சுரண்டிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

உன் பதில் வரும்வரை நான் யாரையும் கேலி செய்யப் போவதில்லை.

அக்கா
ஓன் தின்


ரங்கூன்
1984 அக்டோபர் 2

என் அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தக் காலோடு ஐந்து நாள் படகில் நின்றாயா?

நம் தக்காளியை ஏற்ற வரும் டவுன்ஜி லாரிக்காரர் ஒருவரை இங்கே பார்த்தேன். மேற்குக் கரை பாத்திகளைக் காற்று வாரிக்கொண்டு போனதை அவர் சொன்னார். அதற்கு மறுநாள் உன் அவரைக்கொடி வந்தது. வேறு ஒரு செடி கிடையாது என்று நீ எழுதிய கடிதம் என் தலையணைக்கடியில் இருக்கிறது. உனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அக்கா. சொல்லக் கற்றுக்கொள்ளவும் வேண்டாம்.

முதலில் கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன். அம்மா போனபோது எனக்கு நாலு வயது. இடுப்பில் என்னை வைத்துக்கொண்டே சேறு அள்ளிப் பாத்தி போட்டவள் நீ. அந்த நாலு பாத்தியில் பாதிக்கு மேல் உன் கை மண். போனது உன்னுடையதும்தான். என்னிடம் சொல்லாமல் அழுதிருப்பாய். இதை எழுத இரண்டு வாரம் ஆக்கியது என் தப்பு.

நிலம் போனால் போகிறது. எனக்காக ஏரி முழுக்கத் தேடிய ஆள் இருக்கிறாள், அதற்கு மேல் என்ன வேண்டும்? மிய தி அம்மாளிடம் ஒன்றும் இல்லை என்றே சொல்லிவிடு. யாருடைய பாத்தியையும் கடன் வாங்கிக் காட்டாதே. நான் வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுவரை அந்த அம்மாள் காத்திருப்பாளா என்று கேள். இல்லையென்றால் அதையும் உள்ளபடி எழுது.

போ சான் அண்ணனுக்கும் ஆறு படகுக்காரர்களுக்கும் என் கும்பிடு. மறுபடி கேலி செய்யத் தொடங்கு. நீ கேலி செய்யாத கடிதத்தைப் படிக்கப் பயமாக இருக்கிறது.

தம்பி
நியோ மவுங்


கேலா
1984 அக்டோபர் 13

கும்பிடுவதற்குக் கை போதாத தம்பிக்கு,

சுகம், சுகம், சுகம்! முழங்கால்கூட இன்று சுகம்.

உன் கடிதம் வந்த அன்று காலை பின்பக்கம் கரகரவென்று சத்தம். எட்டிப் பார்த்தால் போ சான் அண்ணன் நீண்ட ரம்பத்தை வைத்துக்கொண்டு தன் பாத்தியின் கோடியை அறுத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணே, புத்தி கெட்டுப் போச்சா? காய் நிக்குதே!"

"வால் நீளமாப் போச்சு. படகு திருப்பும்போது இடிக்குது. அறுத்து விடறேன்."

"இருபது வருஷமா இடிக்கலையா?"

"இருபது வருஷமா இடிச்சுக்கிட்டுதான் இருக்கு. உனக்கென்ன வந்தது? அறுத்த குப்பை உன் பக்கம்தான் மிதந்து வரும். வேணும்னா கட்டி வை, வேணாம்னா தள்ளி விடு."

காய்த்த செடியோடு நாலு பாகம், நாலு பேர் கை விரித்து நின்ற நீளம். குப்பையாம்! மிளகாய்க் காம்பைத் திருப்பிக் கேட்கிற மனிதர். நான் கையில் உன் கடிதத்தோடு அப்படியே நின்றேன். அவர் பாடவும் இல்லை.

மத்தியானம் எதிர் வீட்டு நாங் முவே இரண்டு பாகம் இழுத்துக்கொண்டு வந்தாள். "இதுல எறும்பு ஜாஸ்தி. எங்க வீட்டுல எல்லாருக்கும் கடிக்குது" என்றாள். ஏரி நடுவில் எறும்பாம்! அடுத்தது படகுகட்டி ஆசாரி. அவர் பாத்தி கோணலாக இருந்ததாம், நேராக்கினாராம், மிஞ்சினதைப் போட இடமில்லையாம். இப்படியே இழுவைக்கு வந்த ஆறு வீடு, வராத மூன்று வீடு. ஒருவராவது 'நியோ மவுங்குக்கு' என்று சொல்லியிருக்க வேண்டுமே! மாமா எல்லாத் துண்டையும் வரிசையாக வைத்து மூங்கில் பிளாச்சால் தைத்துக் கழி அடித்தார். நாலு பாத்தி இல்லை, தம்பி. எல்லாம் சேர்த்தால் ஒன்றரைதான். ஒரு பக்கம் தக்காளி, ஒரு பக்கம் சுரைக்காய், நடுவில் பூச்செடி, ஒரு துண்டில் அடைகாக்கும் நீர்க்கோழி. கலந்து நட்டால் கண் கூசும் என்றேனே, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

திருவிழா அன்று மிய தி அம்மாளும் கின் லேயும் வந்தார்கள். தெருவே அவரவர் வாசலில் வந்து நின்றது. நான் முன்னால் போய், நீ சொன்னபடி, "என் தம்பிக்குச் சொந்தமா ஒண்ணும் இல்லை. போனது போனதுதான்" என்று சொன்னேன்.

அவள் தைத்த பாத்தியின் பக்கமாகப் படகை விட்டுக்கொண்டு போனாள். ஒட்டு ஒட்டாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் கோடி யாரோடது?"

"நியோ மவுங்கோடது" என்றார் போ சான் அண்ணன்.

"இந்தச் சுரைக்காய்?"

"நியோ மவுங்கோடது" என்றாள் நாங் முவே.

"இந்தக் கோணல்?"

"அது கோணல் இல்லைம்மா. நேர்தான். நியோ மவுங்கோடது" என்றார் ஆசாரி.

ஒவ்வொரு ஒட்டுக்கும் கேட்டாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அதே பதில் வந்தது. நீர்க்கோழியைக்கூட விடவில்லை. "அதுவும் அவனோடதுதான்" என்று மாமா சொன்னார். அன்றைக்கு அவர் எத்தனை வார்த்தை பேசினார் என்று நான் எண்ணவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மிய தி அம்மாள் படகைத் திருப்பினாள். பிறகுதான் கவனித்தேன், அவள் படகுக்குப் பின்னால் கயிற்றில் ஒரு நீளத் துண்டு மிதந்துகொண்டிருந்தது. வரும்போதே கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்! விடியக்காலையில் கிளம்பியிருக்க வேண்டும்.

"என்னத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே, ஓன் தின்? இதையும் சேர்த்துத் தை. அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்க ஊர்லயே கல்யாணம் வெச்சுக்கலாம், உன் தம்பியை வரச் சொல்லு."

கின் லே என் கையைப் பிடித்தாள். அவள் கை முழுக்கப் பாத்திச் சேறு. அந்தத் துண்டை அறுத்தது யாரென்று நான் கேட்கவில்லை.

அக்கா
ஓன் தின்


ரங்கூன்
1984 அக்டோபர் 21

அக்கா,

சுகம் விசாரிக்கக் கை ஓடவில்லை. உன் கடிதத்தை ஆலையில் நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு, மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். கூட வேலை செய்பவர் நம்பவில்லை.

மாதக் கடைசியில் கிளம்புகிறேன். தாஸி வரை ரயில், பிறகு லாரி. அதற்குள் ஒரு உதவி செய். எந்தத் துண்டு யாருடையது, யார் எத்தனை பாகம் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி வை. முதல் பறிப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கூடை சுமந்து போய், இன்னது உங்களால் வந்தது என்று சொல்லிக் கும்பிட வேண்டும். ஒருவரைக்கூட மறந்துவிடக் கூடாது.

நியோ மவுங்


கேலா
1984 அக்டோபர் 28

தம்பிக்கு,

இந்தக் கடிதம் உன்னைப் பிடிக்குமோ, நீ முந்திக்கொள்வாயோ தெரியவில்லை.

நீ சொன்னபடி பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். போ சான் அண்ணன், "நான் ஒண்ணும் கொடுக்கலையே, குப்பையை அறுத்து விட்டேன்" என்றார். நாங் முவே எறும்பைத் தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆசாரி என்னைத் திட்டியே அனுப்பிவிட்டார். மிய தி அம்மாள், தனக்கு ஏரியில் எத்தனை பாத்தி என்ற கணக்கே தெரியாது என்று கின் லேயை வைத்துக்கொண்டே சொன்னாள். வேர்கள் வேறு ஒன்றுக்குள் ஒன்று ஓடத் தொடங்கிவிட்டன. மாமா தைத்த பிளாச்சைத் தேடினால்கூடத் தெரியவில்லை.

ஆகையால் என் தாள் வெறுமையாகவே இருக்கிறது. முதல் பறிப்பை ஏரியைச் சுற்றி எல்லா வீட்டுக்கும் கொடுப்பதைத் தவிர உனக்கு வேறு வழியில்லை. வரும்போது பெரிய கூடையாக வாங்கி வா.

உன் அக்கா
ஓன் தின்